காலி எடை

எழுபத்து நாலு கிலோ இருநூறு கிராம். நாற்பத்தொரு நாளாக அதே எண்.

வேட்டி, பனியன், இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறிய எடை அது. பலவேசம் தராசை விட்டு இறங்கிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு இருபது கிலோ எடைக்கல்லை இழுத்தார். உப்பளத்து எடை மேடையில் இருபத்தெட்டு வருசம் லாரி நிறுத்து ஓய்வு பெற்ற நாளில் முதலாளி போர்த்திய சால்வை எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. இந்தக் கல்லை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

கல்லைத் தராசில் வைத்தார். இருபது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்படியானால் பொய் சொல்வது தராசு இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். காலி வண்டி என்று சொல்லிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வரும் டிரைவரைப் பார்க்கிற பார்வை அது. அந்தத் தொழிலில் இல்லாத திருட்டா? முதலில் காலி வண்டியை நிறுக்க வேண்டும். பிறகு சரக்கு ஏற்றி நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு; காலி எடையைக் கூட்டிக் காட்டினால் சரக்குக்குக் காசு குறையும். காலி எடை எடுக்கும்போது கிளீனரைப் படுக்க வைத்துச் சாக்கைப் போட்டு மூடியவனை அவர் பிடித்திருக்கிறார். ஸ்டெப்னி டயருக்குள் மண்ணை அடைத்து வந்தவனையும் பிடித்திருக்கிறார். ஆனால் தன் தொந்திக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் இசக்கி மேல்ஊரில் வெல்டிங் வேலையில் இருக்கிறாள். கரையிலிருந்து நாலு மைல் கடலுக்குள் கட்டிய மேடையில் தொடங்கி வானத்துக்குப் போகிற வடம் ஒன்று இருக்கிறதே, அதன் நுனியில் இருக்கும் ஊர்தான் மேல்ஊர். வடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூண்டு ஏறும். பதினாலு பேர் உட்காரலாம். போய்ச் சேர இரண்டு நாள். ஒரு சீட்டுக்கு எழுபத்திரண்டு கிலோ, ஆளும் சாமானும் சேர்த்து. அதற்கு மேல் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கூட ஏறாது.

இசக்கிக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புப் போட வேண்டும். அவள் அம்மா இருந்தால் அவள் பாடு. அவள் காலமாகி ஆறு வருசம் ஆகிறது. இனி பிறந்த வீடு என்றால் பலவேசம்தான். கண்ணாடி வளையல், கருப்பட்டி, பருத்திச் சேலை, வறுத்த புளியோதரைப் பொடி எல்லாம் சேர்த்து நாலு கிலோ வந்தது. எழுபத்திரண்டில் நாலு போனால் அறுபத்தெட்டு. அவர் அறுபத்தெட்டுக்கு இறங்கியாக வேண்டும். போய் வளையல் பூட்டி, மகளைக் கையோடு பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும்.

எழுபத்தொன்பதில் தொடங்கினார். இரண்டு மாதத்தில் எழுபத்து நாலு இருநூறு. அங்கே வந்து நின்றவர் நின்றவர்தான்.

*

வடத்தை நடத்தும் கம்பெனியின் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கும் ஜெசிந்தா முப்பது வயதுப் பெண். நல்ல பெண்தான். ஆனால் பேசும்போது ஆளைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பாள். அது பலவேசத்துக்குப் பிடிக்காது.

“அண்ணாச்சி, உங்க நிழலு அறுபத்தெட்டுக்கு வந்துட்டு. நீங்கதான் வரல.”

“எந்த நிழலு?”

“முதல் நாளே சொன்னேன்லா. உங்களை மாதிரியே ஒரு ஆளை மெஷினுக்குள்ள செஞ்சு வச்சிருக்கோம். நீங்க சாப்பிடுறதுக்கு முன்னால தட்டை போனுக்குக் காட்டுதீங்கல்லா, அதையே அதுவும் சாப்பிடும். நீங்க நடந்தா அதுவும் நடக்கும். நீங்க எவ்வளவு இளைக்கணும்னு அது முன்னாலயே இளைச்சுக் காட்டும்.”

“அப்போ என் சோத்தைத் தின்னுட்டு அது இளைச்சிருக்கு. நான் அதே சோத்தைத் தின்னுட்டு இளைக்கல.”

“ஆமா.”

“அதுக்குச் சீக்கா இருக்கும். பாரும்மா.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். “கோவிச்சுக்காதீங்க. வெளிய எங்கயாவது டீக்கடையில, ஒரு வடை, ஒரு முட்டைக்கோசு…”

“முட்டைக்கோசு” என்பது அந்தப் பக்கம் டீக்கடைகளில் விற்கும் இனிப்பு உருண்டை. பலவேசத்தின் முகம் சுருங்கியது.

“ஏம்மா, தட்டுல பாதி காய்கறி, கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ பயறோன்னு சொன்னே. நான் அவரைக்காயைக்கூட நிறுத்துத்தான் போடுதேன். எண்ணெய் ஒரு கரண்டின்னா கரண்டியை வழிச்சு விட்டு ஊத்துதேன். இருபத்தெட்டு வருசத்துல என் எடைச் சீட்டைத் தப்புன்னு ஒருத்தன் திருப்பிக் கொண்டாந்தது கெடையாது.”

சொல்லும்போதே உள்ளே ஒன்று சுருக்கென்றது. ஒரே ஒரு சீட்டு இருந்தது. அதை யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் இசக்கி திரையில் வந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அவள் காதுக்கும் சேதி போயிருக்கிறது.

“அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்.”

“என்ன உண்மை?”

“நிழல் பொய் சொல்லாதுப்பா. இங்க எல்லாருக்கும் அதை வச்சுத்தான் சாப்பாடே போடுதாங்க. நீங்க ராத்திரி எந்திரிச்சுச் சாப்பிடுதீங்களோ என்னவோ. தனியா இருக்கீங்க, வாய்க்கு ருசியா எதாவது தேடத்தான் செய்யும்.”

“ஏட்டி, நீயுமா?”

“எனக்கு நீங்க வரணும்ப்பா. அதுக்குத்தான் சொல்லுதேன்.”

பலவேசம் திரையை அணைத்தார். சந்தையில் ஆயிரம் பேர் கூடிக் கள்ளன் என்றாலும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இவள் சொன்னதைத்தான் உதற முடியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பையில் இரண்டு வேட்டியும் பல்பொடியும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“என்னை இங்கனயே பூட்டி வையும்மா. மூணு நாளைக்கு.”

“அண்ணாச்சி, இது என்ன…”

“சந்தேகமான லாரியை ஓரங்கட்டித்தான் நிறுப்போம். நீ குடுக்கிறதை உன் கண்ணு முன்னால திங்கேன். பாத்ரூமுக்குப் போனாலும் வார்டுபாயைக் கூட அனுப்பு. பையையும் சோதிச்சுக்கோ.”

ஜெசிந்தா பையைச் சோதித்தாள். பல்பொடியைக்கூட முகர்ந்து பார்த்தாள். அது பலவேசத்துக்குப் பிடித்தது. வேலை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்.

மூன்று நாளும் அவள் போட்டதைத் தின்றார். நாலாம் நாள் காலையில் ஏற்றி நிறுத்தாள். எழுபத்து நாலு இருநூறு. நிழலைப் பார்த்தாள். அது இன்னும் நூறு கிராம் இளைத்து அறுபத்தேழு தொள்ளாயிரத்தில் நின்றது.

முதல் தடவையாகத் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நீங்க களவாங்கல. ஒன்னு சொல்லுதேன், வெளிய சொல்லாதீங்க. உங்க ஒருத்தருக்கு மட்டும் இப்படி இல்ல. என்கிட்ட வார அம்பது பேருல நாப்பது பேருக்கு இதே கதை. நிழல் இளைக்கும், ஆளு ஒரு இடத்துல நின்னுருவாரு. ஆறு கிலோ, ஏழு கிலோ வித்தியாசம். நானும் எல்லாரும் களவாத் திங்காங்கன்னுதான் நினைச்சேன்.”

“அப்போ எடை ஏன் நிக்கி?”

“உடம்புக்குப் பயம். சோத்தைக் குறைச்சதும், பஞ்சம் வந்துட்டுன்னு நினைச்சுக்கும். சூட்டைக் குறைக்கும், செலவைக் குறைக்கும். உங்களுக்கே தெரியாம கை கால அசைக்கிறதைக்கூடக் குறைச்சிரும். எழுபத்தொம்பது கிலோவைச் சுமந்து நடந்த செலவு எழுபத்து நாலுக்கு ஆகாதுல்லா, அதுவும் ஒரு காரணம். இது எல்லாருக்கும் நடக்கிறதுதான். நிழலுக்கு இந்தப் பயம் இல்ல. அது பட்டினி கிடந்த வம்சத்துல பொறக்கலையே.”

பலவேசம் தொந்தியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே படுத்திருந்த ஆள் கள்ளன் இல்லை. தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வாசலில் நின்ற அவருடைய பாட்டனுக்குப் பாட்டன்.

“இதை உங்க பெரிய ஆளுககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். நிழல் சரியாக இருக்கிறது, ஆட்களைச் சரிபார்க்கவும்னு பதில் வந்துச்சு.”

“நெனச்சேன்.”

இனி என்ன செய்வது என்று கேட்டார். அவள் சொன்னது அவருக்கு ஏமாற்றுவேலை போலத்தான் இருந்தது. ஒரு வாரத்துக்குச் சோற்றைக் கொஞ்சம் கூட்டித் தின்ன வேண்டும். பயறும் மீனும் கூடுதல். தினமும் சும்மா நடந்தால் போதாது, கனம் தூக்க வேண்டும். நேரத்துக்குப் படுக்க வேண்டும். கருவாட்டு உப்பைக் குறைக்க வேண்டும், உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிறுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“பத்து, பன்னெண்டு.”

“வாரத்துக்கு ஒரு தடவை போதும்.”

“அது முடியாது.”

“உடம்பு லாரி இல்ல அண்ணாச்சி. அதுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும்.”

எடைக்கல்லையே இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி இறக்கினார். முதல் வாரம் நானூறு கிராம் கூடியது. பலவேசம் ஜெசிந்தாவை மனதுக்குள் நல்ல தமிழில் நாலு வார்த்தை திட்டினார். இரண்டாம் வாரம் கூடியது போயிற்று. மூன்றாம் வாரம் எழுபத்து மூன்றில் வந்து நின்றது. நின்ற வண்டி உருளத் தொடங்கியதே பெரிது. ஆனால் கூண்டு கிளம்ப நாலே நாள் இருந்தது. இன்னும் அஞ்சு கிலோ.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. ‘பயணிக்கு வாழ்த்துகள். தங்கள் எடை 67.700. பயணம் உறுதி செய்யப்பட்டது.’

நிழலின் எடையை அவர் பேரில் எழுதிவிட்டார்கள்.

*

“வே பலவேசம், இதுல என்ன விசாரம்?” என்றார் தொம்மை.

தொம்மை பழைய லாரி டிரைவர். முன்னே சொன்ன தண்ணீர்த் தொட்டி, ஸ்டெப்னி மண் இரண்டும் அவருடைய கைங்கரியம்தான். இப்போது அவர் மகனும் மேல்ஊரில் இருக்கிறான். அதே கூண்டில் அவருக்கும் சீட்டு. இடது கால் கொஞ்சம் இழுக்கும். இரண்டு பேரும் மேடைக்குப் போகும் படகில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பலவேசத்தின் மடியில் நாலு கிலோ மூட்டை.

“நான் எழுபத்தாறு இருப்பேன். என் நிழலு அறுபத்தாறாம். பத்துக் கிலோ சும்மா கெடைச்சுட்டு. கருவாடு ஆறு கிலோ எடுத்திருக்கேன், அது மட்டும் நிசம். வாழ்நாள் பூரா உம்ம மேடையில ஏமாத்த நான் பட்ட பாடு என்ன, இப்போ கம்பெனிக்காரனே எனக்காக ஏமாத்துதான்.”

“மேடைக்குப் போனதும் நிறுப்பாங்கல்லா.”

“நிறுக்க மாட்டாங்க. ஆளு நிறுக்கிற தராசை எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. மேல கனமே இல்லாத இடம், அங்க நிறுக்க வழியில்லைன்னு நிழலைக் கொண்டாந்தாங்க. பொறவு ரெண்டு பக்கமும் ஒரே கணக்கா இருக்கட்டும்னு கீழயும் எடுத்துட்டாங்க.”

பலவேசத்துக்கு ஜெசிந்தா சொன்ன நாற்பது பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

மேடையில் கூண்டு நின்றது. ஆட்கள் ஏறுவதற்கு வரிசை. வாசலில் சற்குணம் என்ற மேற்பார்வையாளன் பேர் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பலவேசம் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தார். அவர் வேண்டும் என்று பார்க்கவில்லை. வண்டி வரும்போதே அதன் வில்பட்டை அமுங்கியிருப்பதைப் பார்த்து எடை சொல்லிப் பழகிய கண் அது. முதல் ஆள் எண்பத்திரண்டு. அடுத்த பெண் அறுபத்தொன்பது, பெட்டி எட்டு. அதற்கடுத்தவன் தொண்ணூறுக்கு ஒன்றிரண்டு குறையும். வாய் முணுமுணுத்துக் கூட்டிக்கொண்டே போயிற்று. பதினாலு பேருக்கு ஆயிரத்து எட்டு இருக்க வேண்டும். ஆயிரத்து நூறு வந்தது.

“தம்பி, இந்தக் கூண்டு ஏத்தத்துல முனகுதா?” என்று கேட்டார்.

சற்குணம் நிமிர்ந்தான். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முனகுதா?”

“கொஞ்ச நாளா மோட்டார் சூடாகுது. போன தடவை நடு வழியில ஆறு மணி நேரம் நின்னுட்டு. காத்துனாலன்னு சொன்னாங்க.”

பலவேசம் வடத்தை அண்ணாந்து பார்த்தார். தொம்மை அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“வே, வாயை மூடும். இதைச் சொன்னா இன்னைக்குக் கூண்டு போவாது. அடுத்தது பதினஞ்சு நாள் கழிச்சு. உம்ம மகளுக்கு எட்டாம் மாசம் பொறந்துரும். எட்டுல வளையல் போடுவீரா? அஞ்சு மாசமா அவரைக்காயைத் தின்னு செத்தீரே, எதுக்கு?”

“தெரியும்.”

“ஒரு நாள் எனக்காகக் கண்ணை மூடினீருல்லா. இன்னைக்கு உமக்காக மூடும்.”

சொல்லிவிட்டுத் தொம்மையே நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்த இடது காலைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருசமாக அவர்கள் பேசாத பேச்சு அது. அன்று, மகளுக்கு நிச்சயதார்த்தம், ஒரே ஒரு நடை, ஒரு டன் கூடுதல் என்று தொம்மை கெஞ்சினார். பலவேசம் ஒரு டன்னைக் குறைத்துச் சீட்டு எழுதினார். பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. தொம்மை ஆஸ்பத்திரியில் யாரிடமும் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. பலவேசமும் சொல்லவில்லை.

பலவேசம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சற்குணத்திடம் போனார்.

“தம்பி, சாமானை எதுல நிறுக்கீங்க?”

“அந்தா இருக்கே, சரக்குத் தராசு.”

“சாமானை நிறுக்கீங்க, ஆளை நிறுக்கலையா?”

“ஆளுக்கு நிழல் இருக்கு அண்ணாச்சி. கணக்குப்படி எல்லாம் சரியா…”

“நான் ஆளு இல்லைன்னு வச்சுக்கோ. சாமானுதான்.”

சொல்லிவிட்டுச் சரக்குத் தராசில் ஏறி நின்றார். மூட்டையோடு எழுபத்தேழு. சற்குணம் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அதில் எழுபத்தொன்று எழுநூறு என்றிருந்தது. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

“பெருசு, உமக்கு வேற வேலை இல்லையா?” என்றான் அந்தத் தொண்ணூறு. “நான் மூணு மாசமா லீவுக்குக் காத்திருந்து போறேன். கம்பெனிக்குத் தெரியாததா உமக்குத் தெரியும்?”

“நீரு தொண்ணூறு இருப்பீரு. உம்ம நிழலு எவ்வளவு?”

அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். யாரும் தராசுப் பக்கம் வரவில்லை. அப்போது தொம்மை காலை இழுத்துக்கொண்டு வந்து, “தள்ளும் வே” என்று பலவேசத்தை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். எழுபத்தாறு. கருவாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டார். எண்பத்திரண்டு.

“பாத்துக்கிடுங்க. நான் பத்துக் கிலோ கள்ளன். ஒரு டன்னு கூட ஏத்தினா என்ன ஆகும்னு தெரியணும்னா இந்தக் காலைப் பாருங்க. அது ரோடு. கீழ தரை இருந்துச்சு.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். தொண்ணூறு கடைசியாக ஏறினான். எண்பத்தொன்பது வந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாலு. தொண்ணூற்றாறு கிலோ கூடுதல். சற்குணத்தின் சட்டை மடிப்பு வேர்வையில் கலைந்துவிட்டது. இரண்டு மாதமாக அவன் ஏற்றி அனுப்பிய கூண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான் போலும்.

“யாராவது இறங்கணும்” என்றான் மெதுவாக. “இறங்கினா இதை இப்பவே அனுப்பிரலாம்.”

எல்லாரும் பலவேசத்தைப் பார்த்தார்கள். எடையைக் கண்டுபிடித்தவனே இறங்கட்டும் என்பது ஊர் உலகத்து நியாயம்தான். அவர் மனக்கணக்குப் போட்டார். தான் எழுபத்து மூன்று. மிச்சம் இருபத்து மூன்று கிலோ.

“நான் நிக்கேன். மூட்டை போவணும். மத்தவங்க சாமான்ல இருபத்து மூணு கிலோ இறக்குங்க.”

தொம்மை கருவாட்டுப் பையை இறக்கினார். ஒரு பெண் ஊறுகாய் ஜாடியையும் அரிசியையும் இறக்கினாள். தொண்ணூறு ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் பலவேசத்தின் முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டான். வளையல் மூட்டையைத் தொம்மை கையில் கொடுத்தபோது பலவேசத்தின் கை கொஞ்சம் தாமதித்தது.

“உடைச்சிராதேயும்.”

“என் லாரியில உப்பைத் தவிர எதுவும் சிந்தினதில்ல வே.”

“அவளைக் கூட்டிட்டு வாரும்.”

“வாரேன்.”

கூண்டு ஏறியது. முனகவில்லை. பலவேசம் கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கருவாட்டுப் பைமேல் உட்கார்ந்தார். நாலு கிலோ சாமான் போவதற்காக ஆள் இளைத்தார். சாமான் போய்விட்டது, ஆள் கீழே கிடக்கிறார். யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் சற்குணம்தான் இருந்தான், அவன் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

வளைகாப்பைத் திரையில் பார்த்தார். மேலே கனம் இல்லாததால் வளையல்கள் கையில் நிற்காமல் மிதந்தன. தொம்மையின் மருமகள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துப் பூட்டினாள். இசக்கி சிரித்தாள், அழுதாள். பலவேசம் இரண்டையும் செய்யாமல் பூட்டிய வளையலை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றும் உடையவில்லை.

*

கம்பெனி தராசைத் திரும்பக் கொண்டுவந்தது. தப்பை ஒப்புக்கொண்டு அல்ல. ‘கூடுதல் வசதிக்காக’ என்று அறிவித்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சற்குணம் வீட்டுக்கே வந்து கேட்டான். பலவேசம் ஒரு நிபந்தனை போட்டார். ஏறுகிறவரைப் போலவே இறங்கி வருகிறவரையும் நிறுக்க வேண்டும். அதை வைத்து நிழலைத் திருத்த வேண்டும். நிழலை நம்பி ஆளைச் சந்தேகப்பட்ட காலம் போதும்.

எடைக்கல் கட்டிலடியிலிருந்து மேடைக்குக் குடிவந்தது. தினமும் பத்துத் தடவை அதை ஏற்றி இறக்கித் தராசைச் சோதித்தார். வீட்டுக்குப் போனால் அதே தட்டு, அதே பாதி காய்கறி, பழகிவிட்டது. மற்றவர்களை நிறுக்கும் மும்முரத்தில் தன்னை நிறுக்க மறந்துபோனார்.

பதினேழாம் நாள் கூண்டு இறங்கியது. முதலில் தொம்மை இறங்கினார், பெட்டியோடு. பின்னால் இசக்கி, இரண்டு கையிலும் வளையல் குலுங்க, கனம் திரும்பிய கால்களை மெல்ல ஊன்றி ஊன்றி.

“வே, என்ன பாதியாப் போயிட்டீரு?” என்றார் தொம்மை. “ஏறும் பாப்போம்.”

பலவேசம் ஏறினார். எழுபது நானூறு. நம்பாமல் இறங்கி எடைக்கல்லை வைத்தார். இருபது. மறுபடி ஏறினார். எழுபது நானூறு.

“பஞ்சம் முடிஞ்சுட்டுன்னு அதுக்குத் தெரிஞ்சுட்டு போல” என்றார் தனக்குள்.

“அப்பா.” இசக்கி அவர் கையைப் பிடித்தாள். “அன்னைக்கு உங்களை நம்பாமப் பேசிட்டேன்.”

“அது கெடக்கு.”

“கெடக்கல. எங்களுக்கு மேல நிழல்படிதானே சாப்பாடு? என் நிழல் அம்பத்து நாலுலயே நின்னுட்டு இருக்கு. படம் பிடிக்கிறதுல நான் தடிச்சுத் தெரியுதேன்னு, களவாச் சாப்பிடுதேன்னு ரெண்டு மாசமா என் தட்டுல சோத்தைக் குறைச்சாங்க. மாசமா இருக்கேன்னு சொல்லிட்டேன்ப்பா, எழுதியும் குடுத்தேன். நிழலுக்கு அந்த வசதி இன்னும் வைக்கலையாம். அடுத்த வருசம் வருமாம்.”

அந்த வெளுத்த முகம் அன்றைக்கே திரையில் தெரிந்தது. பலவேசம்தான் கோபத்தில் திரையை அணைத்துவிட்டார்.

“தொம்மை மாமா வந்த பொறவுதான் தெம்பாச் சாப்பிட்டேன். அவங்க தன் தட்டைப் போனுக்குக் காட்டிட்டு, அதை என் பக்கம் தள்ளிருவாங்க.”

“பழக்கதோசம்” என்றார் தொம்மை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

பலவேசம் தராசைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். “ஏறு தாயி.”

இசக்கி ஏறி நின்றாள். அறுபத்தொன்று அறுநூறு. சற்குணம் தாளைப் பார்த்தான். “நிழல்படி அம்பத்து நாலு. ஏழு கிலோ அறுநூறு வித்தியாசம். என்ன காரணம்னு எழுத அண்ணாச்சி?”

“குடு, நான் எழுதுதேன்.”

சட்டைப் பையிலிருந்து பழைய உப்பளத்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். கம்பெனித் தாளை அவர் இன்னும் நம்பவில்லை. பேர், இசக்கி. மொத்த எடை, 61.600. அடுத்த கட்டத்தில் பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினார். மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு எழுதாமலே கையெழுத்துப் போட்டுக் கிழித்து மகளிடம் கொடுத்தார்.

சற்குணம் எட்டிப் பார்த்தான். “காலி எடை போடலையே?”

“வண்டி இன்னும் சரக்கு இறக்கல தம்பி” என்றார் பலவேசம். “இறக்கின பொறவு நிறுத்துப் போடுதேன்.”